பதினோராம் எண் பெட்டிக்குச் சான்று தேவை

“காகிதத்தப் பிரிக்கக் கூடாது” என்றாள் பஞ்சாலை அத்தை. “ஞாயித்துக்கெழம ரெம்பாவ்ல பேர்த்டே. புஷ்பவள்ளி பேரனுக்குக் குடுக்கணும். பிரிச்சா திரும்ப ஒட்டுறது யாரு, ஒங்கப்பனா?”

“நான் ஒட்டித் தர்றேன் அத்த. ஒரே ஒரு படம் எடுத்துக்கிறேன் லா.”

சுதர்சன் கெஞ்சிக்கொண்டிருந்த பொருள் அத்தையின் கண்ணாடி அலமாரியில், யாரும் குடித்திராத தேநீர்க் கோப்பைகளுக்கும் ஒரு பிளாஸ்டிக் மயிலுக்கும் நடுவே இருந்தது. பரிசுக் காகிதம் சுற்றிய பெட்டி. மூலை இடிபட்டு அடிவரை கிழிந்து, அந்தக் கிழிசல் வழியாக ஓர் ஆலையின் புகைபோக்கி எட்டிப் பார்த்தது. அந்தப் புகைபோக்கியைத்தான் அவன் வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தான்.

பகலில் அவன் ரந்தாவ் பக்கத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. மற்ற நேரத்தில் வரலாற்றாசிரியன். ஒரு காலத்தில் சிரம்பானில் ‘துக்காங்’ என்ற பெயரில் பிளாஸ்டிக் கட்டைகளைப் பெட்டி பெட்டியாகச் செய்து விற்றார்கள். பிள்ளைகள் கட்டை மேல் கட்டை பொருத்தி வீடு கட்டலாம், பாலம் கட்டலாம், தண்ணீர்த் தொட்டி கட்டலாம். அந்தத் தொழிற்சாலையை மூடி வெகுகாலம் ஆகிறது. மூடியதற்காக நாட்டில் யாரும் வருந்தியதாகத் தகவல் இல்லை. சுதர்சன் வருந்தினான். இணையத்தில் ஒரு தளம் தொடங்கி, எந்தப் பெட்டி எந்த ஆண்டு வந்தது, உள்ளே என்னென்ன கட்டைகள், அட்டையில் சிரிக்கும் பையனின் சட்டை என்ன நிறம் என்பது வரை பதிவு செய்தான். ஈப்போ, சுங்கைப் பட்டாணி, குளுவாங் என்று இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். இப்படிப்பட்டவர்கள் வேறு ஊரிலும் இருக்கிறார்கள் என்பது அவன் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

எல்லாப் பெட்டிக்கும் தளத்தில் பக்கம் இருந்தது, படம் இருந்தது. பதினோராம் எண், ‘செம்பனை ஆலை’, அதற்கு மட்டும் படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குப் பல் விழுந்த இடத்தை நாக்கால் தொட்டது போல இருக்கும்.

“சரி, பிரி” என்றாள் அத்தை கடைசியில். “கிழிச்சே, தொலைச்சிருவேன்.”

அவன் கிழிக்கவில்லை. பச்சைக் காகிதம் பூப்போலக் கழன்றது. உள்ளே பெட்டி இல்லை. அதே மூலையில் கிழிந்த வெள்ளிக் காகிதம் இருந்தது. அதில் ஒரு சிறிய அட்டை: ‘அன்புடன், புஷ்பவள்ளி, ரெம்பாவ்.’

அத்தை மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இது அவ குடுத்ததா?”

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“அவ குடுத்ததக் கொண்டுபோயி அவ பேரனுக்கே குடுக்கப் பாத்தேனா? மாரியாத்தா, காப்பாத்துனே!” என்று சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு சுதர்சனைப் பார்த்து, “நீயும்தான்” என்றாள்.

வெள்ளிக் காகிதத்துக்குள் ரோஜாப்பூ போட்ட காகிதம். ‘புனிதா குடும்பத்தார், கோலா கிளாவாங்.’

அத்தையின் முகம் மலர்ந்தது. “அப்போ புஷ்பவள்ளியும் கடைக்குப் போகல! என்னமோ தேடித் தேடி வாங்குன மாதிரி பேசுனாளே!”

ரோஜாவுக்குள் மஞ்சள். அதில் பட்டையான பேனாவில், ‘மணியம், ரந்தாவ்’. மஞ்சளுக்குள் பெட்டி.

அங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான் இது. பெட்டியைப் பிரித்தால் பிள்ளை விளையாடும். விளையாடினால் உடையும். உடைந்தால் அடுத்த விசேஷத்துக்கு எதைக் கொண்டுபோவது? எனவே பரிசு வந்ததும் அலமாரிக்குப் போகும், அலமாரியிலிருந்து, மேலே இன்னொரு காகிதம் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும். மூன்று வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பெட்டியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தே வளர்ந்து, இப்போது கார் கடன் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அட்டையில் புத்தம் புது ஆலை. ஒட்டுப்பட்டை கூடப் பிரியவில்லை. அதைத் திறக்கும் பாவத்தைச் செய்ய சுதர்சனுக்கு மனம் வரவில்லை. எல்லாப் பக்கமும் படம் எடுத்தான். காகிதங்களையும் படம் எடுத்தான். மணியம் என்ற பெயரைக் கண்டதில் அவனுக்குத் தனி மகிழ்ச்சி. மணியம் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கி ஓய்வு பெற்ற மண்டோர், கோயில் கமிட்டித் தலைவர், அதற்கெல்லாம் மேலாக ஷாமினியின் அப்பா. ஷாமினிக்கும் சுதர்சனுக்கும் அடுத்த மாதம் தட்டு மாற்றுவதாகப் பேச்சு.

அன்றே படங்களைப் பக்கத்தில் ஏற்றினான். சேகரிப்பாளர்கள் ஒரு பொருள் யார் யார் கை மாறி வந்தது என்பதை அந்தப் பொருளை விடப் பெரிதாக மதிப்பார்கள். ஆகவே ‘கைமாறிய வரலாறு’ என்று தலைப்பிட்டு, மணியம், புனிதா, புஷ்பவள்ளி, பஞ்சாலை என்று நால்வரையும் படத்தோடு வரிசையாகப் போட்டான். ஈப்போவிலிருந்து மதுமிதா என்ற உறுப்பினர், “அற்புதம்” என்று எழுதினார். அந்த உற்சாகத்தில் இணைப்பைக் குடும்ப வாட்சப் குழுவில் பகிர்ந்து, ‘யாருக்காவது கூடுதல் தகவல் தெரிந்தால் சொல்லவும்’ என்று கேட்டுக்கொண்டான்.

தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

“தம்பி, நான் புனிதா சித்தி பேசுறேன். நான் மனசாரக் குடுத்தத ரெம்பாவ்காரி தூக்கி அடுத்த வீட்டுக்குக் குடுத்தாளாமே? இன்டர்நெட்ல வந்திருக்குன்னு என் மருமக காட்டுது.”

“சித்தி, நீங்களும் மணியம் மாமா குடுத்ததத்தானே…”

“அது வேற.”

அடுத்தது புஷ்பவள்ளி பெரியம்மா. “ஏன்டா, என் மகன் காதுகுத்துக்குப் பழைய சாமானா குடுத்திருக்கா அந்தப் புனிதா? அலாமாக்! அன்னைக்கு நான் அவளுக்கு ரெண்டு கோழி பெரட்டல் கட்டிக் குடுத்தேன்டா!”

“பழசு இல்ல பெரியம்மா, பிரிக்கவே இல்ல.”

“நானும்தான் பிரிக்கல. அதுக்காக ஊரைக் கூட்டிச் சொல்லுவியா?”

சுதர்சன் பெயர்களை நீக்கினான். ‘ரெம்பாவ் பெண்மணி ஒருவர்’, ‘கோலா கிளாவாங் பெண்மணி ஒருவர்’ என்று கண்ணியமாக மாற்றினான். இதற்கு முன் ரெம்பாவில் ஒருத்திக்குத்தான் கோபம். இப்போது ரெம்பாவில் இருக்கும் சொந்தக்காரப் பெண்மணிகள் அனைவரும், அது தாங்கள் இல்லை என்று குழுவில் குரல் பதிவு போட ஆரம்பித்தார்கள். ஒருத்தி, தான் கொடுத்த மிக்சி எங்கே என்று தனியாக ஒரு விசாரணையைத் தொடங்கினாள்.

ஒருவரையாவது மகிழ்விப்போம் என்று சுதர்சன் யோசித்தான். அடுத்த மாதத்தை மனத்தில் வைத்து ஒரு வரி சேர்த்தான்: ‘இப்பெட்டியைக் கடையில் பணம் கொடுத்து வாங்கி, மனமுவந்து பரிசளித்த ஒரே நபர் திரு. மணியம் அவர்கள்.’

மணியம் மாமா அதை அச்செடுத்துக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அன்னதானப் பட்டியலுக்கு மேலே ஒட்டினார்.

மறுநாள் தோட்ட ஆபீஸ் வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

“மாப்ள, என் பேருக்குப் பக்கத்துல என்னாது, செவப்பு எழுத்துல?”

சுதர்சன் போனை வாங்கிப் பார்த்தான். வரியின் முடிவில் சிறிய சிவப்பு எழுத்தில் ‘சான்று தேவை’ என்று இருந்தது.

“அது மதுமிதா போட்டது மாமா. ஈப்போ. ஆதாரம் இல்லாம எதையும் எழுதக் கூடாதுன்னு தளத்துல ஒரு விதி இருக்கு.”

“யாரு போட்ட விதி?”

“நான்தான்.”

“அப்ப நீ எடுத்திரு.”

எடுத்தான். தேநீர் ஆறுவதற்குள் மதுமிதா திரும்பப் போட்டார். கூடவே ஒரு குறிப்பு: ‘மன்னிக்கவும் சுதர்சன். நீங்கள் எழுதிய விதிதான்.’

“மணியம் சொன்னாருன்னு போடு” என்றார் மாமா.

“சம்பந்தப்பட்டவரே சொன்னா செல்லாது மாமா. அதுவும் விதி.”

“ஒன் விதியில தீய வெக்க! கமிட்டியில எல்லாரும் கேக்குறானுங்க, மணியம் மேல ஏதோ கேஸ் இருக்கான்னு. புனிதா போன் பண்ணி, ‘என்னா மண்டோரே, செவப்பா இருக்கே’ங்கிறா. இங்க பாரு, அந்தச் செவப்பு போற வரைக்கும் தட்டு மாத்துறது இல்ல.”

மோட்டார் போய்விட்டது. ஷாமினியிடமிருந்து செய்தி வந்தது. அவள் பாலர் பள்ளி ஆசிரியை. கோபப்பட்டாலும் நிறுத்தி நிதானமாகக் கோபப்படுவாள்.

‘அப்பா பட்டுப் புடவையத் திருப்பிக் குடுக்கச் சொல்றாரு. எனக்கு அந்தப் புடவ பிடிச்சிருக்கு. ஒன்னயும் பிடிச்சிருக்கு. ஏதாச்சும் பண்ணு லா.’

சுதர்சன் தன் விதிகளைத் தானே படித்தான். எழுதியவனைத் திட்டிக்கொண்டே படித்தான். கடை ரசீது செல்லும். பழைய விளம்பரம் செல்லும். இரண்டும் இல்லாவிட்டால், விற்றவர் வாயால் சொல்வதை வீடியோ எடுத்துப் போட்டால் செல்லும்.

“மாமா, எந்தக் கடையில வாங்குனீங்க?” என்று போனில் கேட்டான்.

“அதெல்லாம் எதுக்கு? பாசார் பக்கத்துல மதார் மைதீன் கட இருந்துச்சு. இப்ப இல்ல. அவரு அப்பவே ஊரோட போயிட்டாரு.”

ரந்தாவில் விசாரித்ததில் மதார் மைதீன் எந்த ஊருக்கும் போகவில்லை, பின்னால் இருந்த தெருவுக்குத்தான் போயிருக்கிறார் என்று தெரிந்தது. பெயர்ப்பலகை கூட அதேதான். மாமாவிடம் இதை முன்கூட்டியே சொல்லாமல், நேரில் இன்ப அதிர்ச்சி கொடுப்பது என்று சுதர்சன் முடிவு செய்தான். அதுவரை அவன் எடுத்த முடிவுகளில் இதுதான் சிறந்தது என்று அவனுக்குப் பட்டது. எல்லார் வாயையும் ஒரேயடியாக அடைக்க, புனிதா சித்தியையும் புஷ்பவள்ளி பெரியம்மாவையும் அங்கே வரச் சொன்னான். பஞ்சாலை அத்தை கூப்பிடாமலே வந்தாள். வீடியோவைக் குடும்பக் குழுவுக்கு நேரடியாகக் காட்டும் பொறுப்பை ஷாமினி ஏற்றுக்கொண்டாள்.

பிறந்தநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், “வாங்க மாமா, தே தாரிக் குடிச்சிட்டு வருவோம்” என்று மணியத்தைக் காரில் ஏற்றினான். பின்னால் இருந்த தெருவில் கார் திரும்பியதும் அவர் பெயர்ப்பலகையைப் பார்த்தார். பிறகு அதன் கீழே வரிசையாக நின்ற மூன்று பெண்களைப் பார்த்தார்.

“எதுக்கு லா இதெல்லாம்? அவரு வயசானவரு.”

“ஒங்களுக்காகத்தான் மாமா.”

“செவப்பு இருந்துட்டுப் போவுது. இப்ப எல்லாம் செவப்புப் பழகிருச்சு. வண்டிய திருப்பு, தட்டு நாளைக்கே மாத்திக்குவோம்.”

இவ்வளவு தன்னடக்கமான மனிதரைத் தவறாக நினைத்துவிட்டோமே என்று சுதர்சனுக்குக் கண் கலங்கியது. கையைப் பிடித்து இறக்கினான்.

“என்னா மண்டோரே, வேர்க்குது?” என்றாள் புனிதா.

“வெயிலு” என்றார் மணியம். வானம் மூடியிருந்தது.

கடைக்குள் பிளாஸ்டிக் வாளி, சாம்பிராணி, பள்ளிக்கூடக் காலணி. மதார் மைதீன் சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தார். கல்லாவில் அவர் மனைவி சைதூன் பீவி முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். ஷாமினி போனை உயர்த்தினாள். ரெம்பாவ், கோலா கிளாவாங், சிரம்பான், சிங்கப்பூர் சொந்தமெல்லாம் போனுக்குள் வந்து உட்கார்ந்தது.

சுதர்சன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அத்தையிடம் இரவல் வாங்கியிருந்த பெட்டியை மேசை மேல் வைத்தான்.

“அம்மா, ரொம்ப வருசத்துக்கு முந்தி ஒங்க கடையில இருந்தது. இதப் பாத்தா ஏதாச்சும் ஞாபகம் வருதா?”

சைதூன் பீவி முறுக்கைக் கீழே வைத்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். திருப்பினார். அடியில் ஒட்டியிருந்த பட்டையை விரலால் தடவினார். முகமெல்லாம் சிரிப்பாகி, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஏங்க, எந்திரிச்சு வாங்க! கண்ணாடிக்குள்ள அழகுக்கு வெக்கிறதுக்கு, காலி அட்டையில ரப்பர் கொட்டையப் போட்டு ஒட்டுனீங்களே, ஒரு தீவாளிக் கூட்டத்துல காணாமப் போச்சுன்னு தேடுனோமே, அத இந்த நல்ல மனுசங்க எங்கயோ கண்டுபிடிச்சுக் கொண்டாந்து குடுத்திருக்காங்க!”