மச்சான் சொருகிவிட்ட ஒயர்

வயதானால் கோபம் தணிந்துவிடும் என்கிறார்கள். யாருக்குத் தணிந்ததோ தெரியவில்லை. என் மச்சான் மீது எனக்கிருக்கும் கோபம் ஒவ்வொரு குடும்ப விசேஷத்திலும் புதிதாகத் துளிர்க்கிறது.

துடியலூர்ப் பக்கம் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. வாங்கிக் கொடுத்தவர் என் மனைவியின் அண்ணன் மூர்த்தி. அங்கேயே நிர்வாக மேனேஜர். (அதனால் அவரைத் திட்ட முடியாது. அது அவருக்கும் தெரியும்.)

சில வருஷங்களுக்கு முன்பு வரை ஆபீஸ் முழுக்க ஒரே நெட்வொர்க். கணக்குப் பிரிவு, டிசைன் பிரிவு, கேமராக்கள், வந்துபோகிறவர்களின் போன் எல்லாம் ஒன்றாகக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தன. பெரிய ஆர்டரோடு வந்த வெளியூர்க் கம்பெனி, "எங்க டிசைன் உங்ககிட்ட பத்திரமா இருக்கும்னு காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் மீசையைத் தடவினேன்.

விலேன் போட்டேன். ஆபீஸ் ஒயர்களெல்லாம் வந்து சேரும் சுவிட்சுப் பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத சுவர்களை எழுப்பி, ஒவ்வொரு பிரிவையும் தனி நெட்வொர்க் ஆக்குவதுதான் அது. ("அதென்னுங்க வில்லன்?" என்றார் முதலாளி.) சர்வரில் விலேன் தெரிந்த நெட்வொர்க் கார்டு ஒன்றையும் மாட்டினேன். எல்லாப் பிரிவின் தகவலும் ஒரே ஒயரில் வரும். ஒவ்வொரு தகவலின் மேலும் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து, எது யாருடையது என்று கார்டே பிரித்துக்கொள்ளும். அதன் பெருமையைச் சாப்பிடும்போதுகூடப் பேசினேன். மனைவி தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் போய்விட்டாள்.

ஆர்டரோடு வந்த கம்பெனியின் பெண் இன்ஜினியர் பார்வையிட வந்தார். மீட்டிங் ரூமில், முதலாளி முன்னால், அரைமணி நேரம் முழங்கினேன். "விருந்தாளிக நெட்வொர்க்ல இருந்து எங்க கணக்குப் பிரிவ எட்டிக்கூடப் பார்க்க முடியாதுங்க மேடம்."

அவர் விருந்தாளி நெட்வொர்க்கில் இணைத்திருந்த தன் போனைப் பார்த்தார். "அக்கவுண்ட்ஸ் பிரிண்டர்னு ஒண்ணு காட்டுதே?"

அங்கேயாவது நான் வாயை மூடியிருக்கலாம். சிரித்தேன். "பேரு மட்டும் தெரியுமுங்க. பிரிண்ட் வராதுங்க. அமுக்கித்தான் பாருங்களேன்."

போனில் இருந்த ஏதோ ஒரு படத்தை எடுத்து அமுக்கினார். சற்று நேரத்தில் கணக்குப் பிரிவு செல்வி ஒரு தாளோடு உள்ளே வந்தார்.

"ஏனுங்க, இது ஆரு கொழந்தைங்க? முடியெறக்குன போட்டோ எங்க மிசின்ல வருதுங்க."

"என் பொண்ணு" என்றார் இன்ஜினியர்.

மேஜைக்கடியில் தவழ்ந்தேன். சுவரில் இரண்டு சாக்கெட்டுகள்: ஒன்று விருந்தாளிகளுக்கு, மற்றொன்று கணக்குப் பிரிவினர் வந்து உட்கார்ந்தால் அவர்களுக்கு. ஒரு குட்டை ஒயரின் ஒரு முனை இதில், மறு முனை அதில். நான் கட்டிய சுவரில் யாரோ வாசலே வைத்திருந்தார்கள்.

"ஆருய்யா இந்த வேலை பார்த்தது?" என்று அடியிலிருந்தே கத்தினேன்.

"நாந்தானுங்க மாப்ளே" என்றார் மச்சான், கதவருகில் காபித் தட்டோடு. "காலைல ஒரு முனை தொங்கிட்டுக் கெடந்துச்சு. வர்றவங்க தடுக்கி உழுந்துபோட்டா? அதான் சொருகி உட்டுப்போட்டேன்."

"தொங்கினா உருவணும்! ஓட்டை தெரிஞ்சா சொருகீர்றதா? மூளையை ஊட்லயே வெச்சுட்டு வந்தீங்களா?"

எழுந்த வேகத்தில் மண்டை மேஜையில் இடித்தது. அந்த வலியையும் அவர் கணக்கிலேயே எழுதினேன்.

இன்ஜினியர் குழந்தையின் படத்தைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆர்டர் வேறொரு கம்பெனிக்குப் போனது. முதலாளி என்னிடம், "மேனேஜர்கிட்ட மன்னிப்புக் கேட்டுருங்க" என்றார். கேட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு பயன்படாத சாக்கெட் ஒவ்வொன்றையும் சுவிட்சில் அணைத்து வைத்தேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று இதுவரை மச்சானிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

போன மாதம் கிணத்துக்கடவில் ஒரு சீமந்தம். பந்தியில் மச்சான் மறுபடியும் அந்த ஒயர் கதையை ஆரம்பித்தார். இப்போதெல்லாம் அந்தக் கதையில் அவர் வேண்டுமென்றேதான் ஒயரைச் சொருகினாராம், என் வேலையைச் சோதிக்க. பந்தியே சிரித்தது. என் மனைவிதான் எல்லோரையும் விடச் சத்தமாக. கடைசியில், நான் மேஜைக்கடியில் உட்கார்ந்து அழுதேன் என்று முடித்தார்.

நான் அழவில்லை. கத்தினேன். அதையாவது ஒழுங்காகச் சொல்லலாம்.