தையல் அறிந்தவர்

ஆன்மாவோடு கூடவே பிறந்தது ஆணவ மலம் என்பர் பெரியோர். செம்பிற் களிம்புபோல அது எத்தனை தேய்த்தாலும் போகாது. உடம்போடு ஒட்டிக் கிடப்பது உள்ளாடை. இவ்விரண்டையும் பிறர் கண்ணில் படாமல் மறைத்து வைப்பதே நல்லோர் இயல்பு. நம் தர ஆய்வாளர் இரண்டாவதை மட்டுமே மறைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஒரு பிரகடனம் செய்தார். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த மனைவி ஒருத்தியே சபை.

"இந்தா பாரு. இனிமே என் ஜட்டியை நானேதான் வாங்குவேன்."

அரியணை ஏறும் மன்னன்கூட இத்தனை கம்பீரமாக அறிவித்திருக்க மாட்டான்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவருக்கு இருபத்தாறு ஆண்டு அனுபவம். தைத்த சட்டை அவர் மேசைக்கு வரும். அவர் பூதக்கண்ணாடியை எடுப்பார். ஒரு தையல் தவறியிருந்தால் போதும், சட்டை திரும்பிப் போகும். தைத்தவள் கண் கலங்கும். அதனால் தொழிலாளர்கள் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்றே பெயர் சூட்டியிருந்தனர். அதை விருதென்று எண்ணி அவர் மகிழ்ந்தார். வீட்டிலும் அதே தொழில்தான். தலையணை உறையில் சுருக்கம், திரைச்சீலையில் கோணல், மனைவியின் மடிப்பில் பிசகு. குற்றம் காணாத நாள் அவருக்குப் பிறவாத நாள்.

ஊரார் துணியில் குறை கண்டவருக்கு இறைவன் சொந்தத் தோலில் ஒன்றை வைத்திருந்தான். இடுப்பைச் சுற்றிப் பன்னிரண்டு ஆண்டாகக் கரப்பான் என்னும் அரிப்பு நோய். அழையாத உறவினர்போல வரும், தங்கும், போனதுபோலப் போக்குக் காட்டித் திரும்பவும் வரும். தொழிற்சாலையில் ஒருமுறை, "வீட்ல கரப்பான் தொல்லை, தூக்கமே இல்ல" என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். மறுநாள் கணக்கர் அன்போடு பூச்சி மருந்து வாங்கி வந்து கொடுத்தார்.

நகைக்கத் தக்கதாயினும் அவருக்கு அது வாழ்வா சாவா என்னும் சிக்கல். தலைமை ஆய்வாளர் பதவிக்கு ஆண்டுக்கொரு தேர்வு உண்டு. நிர்வாகிகள் எதிரே அமர்ந்திருக்க, ஆய்வு மேசை முன்னே இரண்டு மணி நேரம் நின்று நூறு துணிகளைப் பார்க்க வேண்டும். முந்தின ஆண்டுத் தேர்வில், பாதியில் மேசை முனையில் இடுப்பைத் தேய்த்தார். நடனமோ என்று நிர்வாகிகள் ஐயுற்றனர். அதற்கு முந்தின ஆண்டு மூன்று முறை வெளியே ஓடினார். வயிற்றுக்கோளாறு என்று குறித்துக்கொண்டனர். ஐம்பது வயதுக்கு மேல் தேர்வெழுத விதியில்லை. அவருக்கு நாற்பத்தொன்பதே முக்கால். வருகிற வெள்ளிக்கிழமைதான் கடைசி வாய்ப்பு.

தோல் மருத்துவர் தெளிவாகவே எழுதிக் கொடுத்திருந்தார். மெல்லிய பருத்தித் துணி. தளர்வான தைப்பு. இடுப்பில் ரப்பர் உறுத்தக் கூடாது. உள்ளே தைத்திருக்கும் அளவுச் சீட்டை வெட்டிவிட வேண்டும். தையல் விளிம்பு தோலில் படாதபடி புறம் திருப்பி அணியலாம். புதிதாயின் துவைத்த பிறகே உடுத்த வேண்டும். வாசனைச் சோப்பு ஆகாது. மனைவி அதை மனப்பாடம் செய்தாள். கணவர் அந்தத் தாளை நான்காக மடித்து, ஆடுகிற சாப்பாட்டு மேசைக்கு அண்டை கொடுத்தார்.

அன்றுமுதல் மனைவி அவர் உள்ளாடைகளைப் புறம் திருப்பியே மடித்து வைத்தாள். அவர் நாள்தோறும் காலையில், ஒரு ஜட்டியை ஒழுங்காக மடிக்கத் தெரியாதவளைக் கட்டிக்கொண்ட தம் தலைவிதியை நொந்தபடி, அதைத் திருப்பிச் 'சரியாக' அணிந்துகொண்டு போனார். பிறகு நாள் முழுக்கச் சொறிந்தார்.

"தையல் உள்பக்கம் இருந்தா உறுத்தும்னு டாக்டர் சொன்னாருல்ல?" என்றாள் அவள்.

"டாக்டருக்கு ஊசி போடத்தான் தெரியும். ஊசியில நூல் கோக்கத் தெரியுமா? தையலைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?"

தையல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். பெண் என்பது மற்றொன்று. ஒன்றில் புலமை பெற்றவர், மற்றொன்றோடு இருபது ஆண்டு வாழ்ந்தும் எழுத்தறியாதவராகவே இருந்தார்.

அன்றே கடைக்குப் போனார். பருத்தியில் காட்டட்டுமா என்று விற்பனையாளர் பணிவாகக் கேட்டார். அவருக்குப் பருத்தியின் வரலாறு கால் மணி நேரம் உபதேசிக்கப்பட்டது. பிறகு பருத்தி கலவாத ஒரு பெட்டி வாங்கப்பட்டது. உள்ளே வெளிர்நீலத்தில் மூன்று. கண்ணாடிபோல வழுவழுப்பு. இடுப்பைச் சுற்றி நான்கு விரல் அகல ரப்பர் பட்டை. அதில் பொன்னெழுத்துகள். பெட்டியின் மேல் ஒரு கட்டழகன் மலையுச்சியிலிருந்து தாவிக்கொண்டிருந்தான். அவன் ஏன் தாவினான் என்பதை ஆய்வாளர் சிந்திக்கவில்லை.

துவைத்துத் தருகிறேன் என்றாள் மனைவி. மெருகு போய்விடும் என்று மறுத்தார். வெள்ளோட்டமாக ஒன்றை அணிந்து தெருமுனைவரை நடந்தார். போனது மனிதர், வந்தது நண்டு.

"என்னங்க, அரிக்குதா?"

"உன் சோப்புதான் காரணம்."

"இதைத் துவைக்கவே இல்லையே."

அவர் சற்றே தடுமாறினார். தடுமாறியதை ஒப்புக்கொள்ளும் வழக்கம் அவர் குலத்தில் இல்லை. "வீட்டுக் காத்துலயே அந்த வாசனை கலந்திருக்கு. வெள்ளிக்கிழமை இதைத்தான் போடுவேன். பதவியோடதான் வருவேன்."

"சரிங்க" என்றாள்.

மணமான ஆண்மக்கள் அறிக. சண்டைக்கு அஞ்ச வேண்டியதில்லை. கண்ணீருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. அந்தச் 'சரிங்க' ஒன்றுக்கே அஞ்ச வேண்டும். நம் ஆய்வாளர் அதை வெற்றி என்று வரவு வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனதும் அவள் தன் பழைய வெளிர்நீல உள்பாவாடையை எடுத்தாள். பதினோராண்டு உழைத்த பருத்தி. பலநூறு முறை துவைத்துத் துவைத்துப் பூவிதழ்போல் ஆனது. பெட்டியிலிருந்த மூன்றையும் அளவு பார்த்து, அரை விரல் தளர்த்திப் பாவாடையை வெட்டினாள். தையல் விளிம்புகளைப் புறமே விட்டாள். ரப்பரை நீக்கி, பொன்னெழுத்துள்ள மேல்துணியை மட்டும் பிரித்தெடுத்துப் புதிய இடுப்புப் பட்டையின் வெளியே வைத்துத் தைத்தாள். மூன்றையும் அதே பெட்டியில் அடுக்கினாள்.

வெள்ளி காலை அவர் பெட்டியைத் திறந்தார். பொன்னெழுத்தைப் பார்த்தார். அணிந்தார். ஊரார் சட்டையில் தவறிய ஒரு தையலைப் பத்தடியிலிருந்து காணும் கண், சொந்த இடுப்பில் எழுத்தைத் தாண்டிப் பார்க்கவில்லை. நிலைக்கண்ணாடி முன் நின்று பட்டையைத் தட்டிக்கொண்டார்.

"பார்த்தியா? ரெண்டாவது தடவையே பழகிடுச்சு. நல்ல சரக்குன்னா உடம்பே கும்பிட்டு ஏத்துக்கும்."

பார்த்தேன் என்று அவள் தலையசைத்தாள்.

தேர்வில் அவர் இரண்டு மணி நேரம் கற்சிலையாக நின்றார். தேய்ப்பு இல்லை, ஓட்டம் இல்லை. நூறு துணியில் பதினேழு குற்றம் கண்டார். பதினேழும் சரி. தலைமை நிர்வாகியான அம்மையார் வியந்து, போன ஆண்டு நெளிந்தவர் இவ்வாண்டு நிமிர்ந்தது எவ்வாறு என்று வினவினார்.

அத்தோடு வாய்மூடியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். ஆணவம் விட்டதா? பன்னிரண்டு ஆண்டாக மறைத்த தோல்நோயைத் தாமே விளம்பினார். வீட்டார் பேச்சைக் கேட்டு வீணானதையும், இறுதியில் தம் சொந்த அறிவால் தேர்ந்த உள்ளாடையே உய்வித்ததையும் விரித்துரைத்தார்.

அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோல்நோய் உள்ளவர்களுக்கென்று உள்ளாடைப் பிரிவு ஒன்று தொடங்கத் திட்டம் இருப்பதாகவும், அந்த வகையில் அணியாத ஒன்றைத் திங்களன்று கொண்டுவருமாறும் சொன்னார்.

திங்களன்று இரண்டாவது உள்ளாடை ஆய்வு மேசைமேல் வீற்றிருந்தது. நிர்வாகிகள் சூழ்ந்திருந்தனர். "நீங்களே பார்த்து விளக்குங்க" என்றார் அம்மையார்.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். பொன்னெழுத்தின் ஓரம் கைத்தையல். விளிம்புகள் புறத்தே. துணியோ பழம்பருத்தி. கண்ணாடியை நகர்த்தினார். இடுப்புப் பட்டையில், நேர்த்தியாக மூடித் தைக்கப்பட்ட ஒரு சிறு துளை. நாடா கோக்கும் துளை. இருபத்தாறு ஆண்டு அனுபவம் உடைய எவரும் அதை ஒரே நொடியில் அறிவார்.

அம்மையார் குனிந்து பார்த்தார். அவருக்கு அரை நொடிகூட ஆகவில்லை.

"இது பாவாடையாச்சே. யார் தைச்சது?"

குற்றம் சொல்லியே தழும்பேறிய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "வீட்ல" என்றார்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னைப் பாவாடையோட ஆபீசுக்கு அனுப்பிட்டியே."

"அரிச்சுதா?"

"அதுவா இப்ப கேள்வி?"

"அதுதாங்க கேள்வி."

அவர் கேள்வியை மாற்றினார். "நான் வாங்குனது எங்க?"

"தரை துடைக்கப் பார்த்தேன். தண்ணியே உறிஞ்சல. சமையலறைக் குழாய் ஒழுகுச்சு, அதுல கட்டி வெச்சிருக்கேன். ஒரு வாரமா அதுலதானே கை கழுவறீங்க?"

அவர் எட்டிப் பார்த்தார். அவர் தேர்ந்தெடுத்த சரக்கு வெளிர்நீலமாக, வழுவழுப்பாக, குழாயின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. குழாய் மட்டும் சொறியவில்லை.

பத்து நாள் கழித்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதல் கடிதத்தை அவரே உரக்கப் படித்தார். தையல் அறிந்த ஒருவரைப் புதிய உள்ளாடைப் பிரிவின் தலைவராக நியமிப்பதில் நிறுவனம் பெருமை கொள்கிறது என்றிருந்தது. மார்பு விரிந்தது. மேலே முகவரியைப் பார்த்தார். மனைவியின் பெயர். மார்பு பழைய அளவுக்குத் திரும்பியது.

இரண்டாவது அவருக்குத்தான். பிரித்தார். வேண்டிய பதவி கிடைத்துவிட்டது: தலைமை ஆய்வாளர், உள்ளாடைப் பிரிவு. கீழே பணி விவரம் ஒற்றை வரியில் இருந்தது. கண்ணாடியை அவள் துடைத்துக் கொடுக்க, அவர் படித்தார்:

"பிரிவுத் தலைவி தைத்துத் தருவதை அணிந்துகொள்ளவும், அரித்தால் மட்டும் வாய் திறக்கவும்."