அருணாவின் நெஞ்செரிச்சலும் என் போன் பத்தியமும்

கீழ்பென்னாத்தூர்,
ஏப்ரல் 1999

மதிப்பிற்குரிய மாமா முருகையன் அவர்களுக்கு, ராஜமாணிக்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் கஸ்தூரியும் மாடுகளும் சௌக்கியம். ஓசூரில் தாங்களும் அக்காவும் எங்களைவிடச் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

நம் அருணாதேவிக்கு நெஞ்சுவலி என்று தந்தி அடித்துத் தங்களைப் பதற வைத்தேன் அல்லவா, அது இதயம் இல்லையாம், நெஞ்செரிச்சலாம். பௌர்ணமியன்று மத்தியானம், திருவண்ணாமலையில் அவள் தங்கிப் படிக்கிற வீட்டுக்காரம்மா போனில், "பொண்ணு நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்திருக்குது, வாங்க" என்றதும் கஸ்தூரியின் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பௌர்ணமி என்பதால் ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். செங்கம் ரோட்டில் அவள் தெரு கண்ணுக்குத் தெரிந்தும் கிரிவலக் கூட்டத்திலிருந்து ஒதுங்க முடியவில்லை. அது என்னைத் தள்ளிக்கொண்டு போய் அடி அண்ணாமலையில்தான் விட்டது. பாதி மலை சுற்றிவிட்டுத் திரும்பி வந்தால், அவள் சாவகாசமாக மோர் குடித்துக்கொண்டு, "என்னப்பா, அம்மா செருப்பு?" என்கிறாள்.

மறுநாள் டாக்டர் வேதாவிடம் போனோம். "வெறும் வயித்துல டீ, சாப்பிட்ட கையோட புஸ்தகத்த வெச்சிக்கினு படுக்கறது, மேல பரிட்சை பயம். அதான் வயித்துப் புளிப்பு தொண்டை வரைக்கும் ஏறுது. காலேஜ் பசங்க நெறைய பேர் இப்படித்தான் வர்றாங்க. வேற எதாவது டென்ஷன் இருக்காம்மா?" என்றார். அவளுக்கு என்ன டென்ஷன் என்று நான் சிரிக்கும்போதே அருணா அழ ஆரம்பித்துவிட்டாள். "சோத்துல கை வெச்சா அப்பா போன் வந்துடுதுங்க. எவ்ளோ முடிச்சேனு கேக்கறாரு. ஒரு பேப்பர் போனாலும் படிப்ப நிறுத்திடுவேன்றாரு. அப்புறம் சோறே எறங்கல."

டாக்டர் என்னைப் பார்த்தார். "பொண்ணுக்கு மாத்திரை. உங்களுக்குப் போன் பத்தியம். பரிட்சை முடியற வரைக்கும் பொண்ணுக்குப் போனே பண்ணக் கூடாது."

வெளியே வந்து, "பேப்பர் போனா திரும்ப எழுதிக்கலாம்மா, நிறுத்தல்லாம் மாட்டேன்" என்றேன். அவள் என்னை ஓட்டலுக்கு இழுத்துப்போய் நான்கு இட்லி தின்றாள். என் தட்டிலிருந்ததையும் எடுத்துக்கொண்டாள். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது, மாமா. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. எரிச்சலும் குறைந்துவிட்டதாம். நிம்மதியாகத் தூங்குகிறேன்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
ராஜமாணிக்கம்

பி.கு.: அவள் வீட்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் சகாதேவன் தங்கமான மனிதர். அருணா சாப்பிட்டாளா, முகம் வாடியிருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று அவருக்கு மட்டும் அவ்வப்போது போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இன்று காலை, "சார், நேத்துலேர்ந்து எனக்கு நெஞ்சு எரியுதுங்க" என்றார். பாவம், என்ன கவலையோ. மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.