தங்கள் மகனின் தலைமுடி குறித்துக் கேட்கப்பட்ட கேள்வி தொடர்பாக

கிளென்மார்கன் பாதை,
நீலகிரி.
13.11.2025

அன்னூர் திரு. பொங்கியண்ணன் அவர்களுக்குக் கிளை நூலகர் வேலுமணி பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே நான்கு நாளாக விடாத மழை. மற்றபடி நானும் என் மனைவி ஜானகியும் மகள் மகாலட்சுமியும் சௌக்கியம். அங்கே தாங்களும், தங்கள் வீட்டு அம்மாவும், தங்கள் மகன் தம்பி தரணிதரனும் உடல் நலத்தோடும், முடிந்த அளவு மன நலத்தோடும் இருக்க ஊட்டி மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். 'சம்பந்தி அவர்களுக்கு' என்றுதான் முதலில் எழுதினேன். இப்போதைய நிலைமையில் அந்த உரிமை இல்லையென்று அதைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து தங்களைப் போனில் பிடிக்கப் பதினாறு தடவை முயன்றுவிட்டேன். முதல் தடவை எடுத்து "ராங் நம்பர்" என்று சொன்னீர்கள். குரல் தங்களுடையதுதான், அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு என் நம்பரிலிருந்து தங்கள் வீட்டு அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. தங்கள் மகனுக்குத் தலையில் முடி இருக்கிறதா என்று ஒரு பெண் குழந்தை கேட்டது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் நான் நூலகத்திலேயே இல்லை, முக்குக் கடையில் டீக்குத் தொட்டுக்கொள்ள வர்க்கி வாங்கிக்கொண்டிருந்தேன். கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் புரியும். போன மாதம் குன்னூரில் எங்களைப் போன்ற நூலகர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. ஒரு தகவலைத் தேடிப் பிடிக்கவும், அது உண்மையா என்று சரிபார்க்கவும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் பொருள். பேனரில் 'தகவல் எழுத்தறிவு' என்று போட்டிருந்தார்கள். அதற்கு அர்த்தம் புரிவதற்குள் முதல் நாள் முடிந்து வடையும் தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் ஒவ்வொருவரும் தன் நூலகத்தில் செய்து பார்த்த ஒரு வேலையை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றார்கள். கோத்தகிரிப் பக்கத்து நூலகர் சகாயம் எழுந்து, பிள்ளைகளைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், பலகையில் எழுதியிருக்கும் நேரத்தையும் பஸ் நிஜமாக வந்து நின்ற நேரத்தையும் எழுத வைப்பதாகச் சொன்னார். ஸ்ரீமதுரைப் பக்கத்திலிருந்து வந்த தபித்தாள் அம்மா அதைவிட ஒரு படி மேலே போனார். மருந்து நோட்டீஸ், விளம்பரம், வாட்ஸ்அப்பில் வந்தது என்று உண்மையும் பொய்யும் கலந்த தாள்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவாராம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கட்டம்: இதை யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும், வேறு எங்கே பார்த்தாய். "பொய்யின்னு எழுதக் கூடாது கேட்டோ. கண்டுபிடிக்க முடியலேன்னா 'உறுதி செய்ய முடியவில்லை'ன்னு எழுதினா மதி, அது போதும்" என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். பிறகு என் முறை வந்தது. இருபத்தாறு வருடச் சர்வீஸில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது 'சத்தம் போடாதே' என்ற ஒன்றுதான் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "'அமைதி காக்கவும்' பலகையைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறேன்" என்றேன். இருபத்திரண்டு நூலகர்களும் அமைதி காத்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் இன்னொருவருடைய யோசனையை நம் நூலகத்தில் செய்து, அதைச் சார்ட்டில் ஒட்டிக் கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு. எங்கள் ஊருக்கு வருவதே ஒரு நாளைக்கு இரண்டு பஸ், பிள்ளைகளை எவ்வளவு நேரம்தான் நனைய விடுவது? அதனால் தபித்தாள் அம்மாவின் யோசனையை எடுத்துக்கொண்டேன். முழங்கால் வலி எண்ணெய் நோட்டீஸ், கம்ப்யூட்டர் கிளாஸ் விளம்பரம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வைத்தேன். தரகர் சுப்பண்ணன், தம்பி தரணிதரனின் பயோடேட்டாவையும் போட்டோவையும் நூலகத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார் அல்லவா, அதை மகாலட்சுமியின் பயோடேட்டாவோடு சேர்த்துக் குண்டூசி குத்தி, பத்திரமாக இருக்கட்டும் என்று அதே ஃபைலில்தான் வைத்தேன். மறுநாள் சனிக்கிழமை. மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்து, பிள்ளைகளைக் குழு குழுவாக உட்கார வைத்து, தாள்களை எடுத்துக் கொடுத்தேன். ஏழாம் வகுப்பு கனிஷ்காவும் வர்ஷாவும் இருந்த குழுவுக்கு என்ன போயிற்று என்பதைத் தாங்கள் இந்நேரம் யூகித்திருப்பீர்கள்.

நான் யூகிக்கவில்லை. அந்தக் குழு கடைசி மேசையில் மற்றவர்களுக்குக் காட்டாமல் கை வைத்து மறைத்து எழுதிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை வர்ஷா வந்து, "சார், எங்க தாள்ல நெறைய மாட்டுதுங்க சார்" என்றாள். "சபாஷ், விடாதீங்க" என்றேன். அந்தப் பிள்ளைகள் செய்த காரியத்தைக் கேளுங்கள். போட்டோவில் தம்பி மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நிற்கிறார் அல்லவா? நூலகத்திலிருந்த பழைய மோட்டார் பத்திரிகையைத் தேடி எடுத்து, அந்த வண்டியின் சீட் உயரம் எத்தனை என்று பார்த்து, போட்டோவை ஸ்கேல் வைத்து அளந்து, கணக்குப் போட்டு, 'ஐந்தடி எட்டு அங்குலம் என்பது பொருந்தவில்லை, ஐந்தடி ஐந்தரை வருகிறது' என்று எழுதிவிட்டார்கள். பிறந்தது வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்தீர்கள், அந்த வருடத்துக் காலண்டரைப் பார்த்தால் அது புதன்கிழமையாம். 'எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை' என்பதற்கு எதிரே, 'இதைச் சொன்னவர் தகப்பனார், நாள் முழுதும் கூடவே இருப்பவர் அல்ல' என்று குறித்திருந்தார்கள். தம்பியின் தலைக்குப் பின்னால் தெரிந்த கோவில் பேனரில் '2018' என்று இருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்தது கனிஷ்கா. அப்படியானால் போட்டோ ஏழு வருடப் பழசு. ஏழு வருடத்தில் என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது.

அதற்கடுத்த சனிக்கிழமை, அதாவது போன சனிக்கிழமை, "சந்தேகம் வந்தா மூலத்துக்கே போய்க் கேக்கோணும்" என்று பொதுவாக ஒரு அறிவுரை சொல்லி, எதையாவது தேடிப் பார்க்கட்டும் என்று என் போனை மேசை மேல் வைத்துவிட்டு வர்க்கி வாங்கப் போனேன். பயோடேட்டாவின் அடியில் தங்கள் வீட்டு நம்பர் இருந்தது. நடந்த பேச்சையும் பிள்ளைகள் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார்கள்.

"ஏனுங்க, பேப்பர்ல இருக்கற அண்ணனுக்கு இப்பத் தலையில முடி இருக்குதுங்களா?"

"யாரு கண்ணு பேசறது?"

"நூலகத்துலிருந்துங்க. ஆமா, இல்லைன்னு மட்டும் சொன்னாப் போதுமுங்க."

அதன் கீழே: 'தாயார் பதில் அளிக்க மறுத்தார். உறுதி செய்ய முடியவில்லை.'

இது எதுவும் தெரியாமல், பிள்ளைகள் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்த சார்ட்டை வாங்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை குன்னூருக்குப் பஸ் ஏறினேன். இந்தத் தடவை நானும் தலை நிமிர்ந்து உட்காரலாம் என்ற பெருமை வேறு. என் பெயரைக் கூப்பிட்டதும் மேடையேறி, இருபத்திரண்டு நூலகர்களுக்கும் ஒரு பெரிய அதிகாரிக்கும் முன்னால் சார்ட்டை விரித்துப் பிடித்தேன். இடது பக்கம் தங்கள் மகன், வலது பக்கம் என் மகள். 'ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் நடுநிலை இல்லை என்பதால் இரண்டையும் பார்த்தோம்' என்று மேலே தலைப்பு. குன்னூர்க் குளிரில் எனக்கு வியர்த்தது. நல்ல வேளையாகப் பெயர்களையும் முகங்களையும் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். தனிப்பட்டவர்களின் விவரத்தை வெளியே காட்டக் கூடாது என்று பயிற்சியில் கொடுத்த புத்தகத்தில் இருந்ததாம். நான் பிரிக்காத பக்கம் அது.

அதிகாரி வலது பக்கத்தைச் சத்தமாகவே படித்தார். 'வயது 25: இதே நூலகத்தின் 2006ஆம் வருட உறுப்பினர் பதிவேட்டில் பிறந்த தேதி நூலகர் கையெழுத்தில் உள்ளது. அதன்படி 27. சொந்த வீடு: வீட்டுக்காரர் எதிரிலேயே குடியிருக்கிறார். கர்நாடக சங்கீதம் தெரியும்: பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா சொன்னது, "அந்தப் புள்ள பாடி நான் கேட்டதேயில்ல. அவங்கப்பாதான் பாடுவாரு, அத நிறுத்தச் சொல்லுங்க." தந்தை நூலக அதிகாரி: நூலகர்தான், அதிகாரி அல்ல. அமைதியான சுபாவம்: ஆதாரங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.' பன்னிரண்டு வரியில் தம்பிக்கு நான்கு நிற்கவில்லை. என் மகளுக்கு ஏழு. அந்த ஏழையும் 'உறுதி செய்ய முடியவில்லை' என்றே முடித்திருந்தார்கள்.

"அடடா! பொய்யை மெய்யோட எவ்வளவு இயல்பாக் கலந்திருக்கீங்க, கொஞ்சம்கூடச் செயற்கையாவே இல்லையே! யார் தயாரிச்சது?" என்றார் அதிகாரி.

"வலது பக்கம் நான்தானுங்க."

"இடது பக்கம்?"

"அது... அன்னூர்ல ஒருத்தருங்க."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தபித்தாள் அம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. இதை மாதிரியாக வைத்து மற்ற மாவட்டங்களுக்கும் அனுப்பலாம் என்று அதிகாரி சொல்லிக்கொண்டிருந்தபோதே என் சட்டைப் பையில் போன் அடித்தது. சுப்பண்ணன். "ஏனுங்க, பையன் மொட்டையான்னு ஆள் வெச்சுப் போன் பண்ணிக் கேட்டீங்களாமா? அவங்க கொதிச்சுப் போயிருக்காங்க. இந்தச் சம்பந்தமே வேண்டாம்னுட்டாங்க!" கைதட்டல் சத்தத்தில் நான் "நன்றிங்க, நன்றிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதைச் சுப்பண்ணன் தங்களிடம் எப்படிச் சொன்னாரோ, அந்த நன்றி கைதட்டியவர்களுக்கானது.

நேற்றுக் காலை நூலகத்துக்குப் போனதும் கனிஷ்காவைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் நனைந்த பையோடு வந்து நின்றாள். யாரைக் கேட்டுப் போன் பண்ணினாய் என்று ஒரு அதட்டல் போட்டேன். "நீங்கதானுங்க சார் மூலத்துக்கே போகோணும்னு சொன்னீங்க" என்றாள். பையிலிருந்து தரையில் சொட்டிய தண்ணீரைக் காலால் தேய்த்துவிட்டு, "சார், மகாலட்சுமி அக்கா தாளு நெசமாவே நீங்க எழுதினதுங்களா? நாங்க வெளையாட்டுக்குன்னு நெனச்சோமுங்க. பதிவேட்டுல உங்க கையெழுத்தப் பாத்ததுக்கப்புறம்தான் சந்தேகமாப் போச்சு. அதனாலதான் பொய்யின்னு எழுதலீங்க சார், உறுதி செய்ய முடியலேன்னு எழுதினோம்" என்றாள். என்னைக் காப்பாற்றுவதற்காக ஏழாம் வகுப்புப் பிள்ளை வார்த்தை தேடியிருக்கிறது. "போ கண்ணு, பெல் அடிச்சிருவாங்க" என்று அனுப்பிவிட்டு, பேப்பர் படிக்க வந்தவர்களுக்கு முகத்தைக் காட்டாமல் புத்தக அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "ஊர்ப் புள்ளைகளுக்கு உண்மை சொல்லிக் குடுக்கறவரு ஊட்டுல என்னத்த எழுதி வெச்சிருக்கறாருன்னு இப்ப எல்லா மாவட்டத்துக்கும் தெரியப் போகுது" என்றாள் ஜானகி. மகாலட்சுமி தேயிலை ஃபேக்டரி ஆபீஸிலிருந்து வந்ததும் சார்ட்டைப் பிரித்துப் படித்தாள். குடையை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கண்கள் சிவந்து வந்தாள். என்னவென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரவெல்லாம் யோசித்தேன். என் பிள்ளைக்கு என்ன குறை என்று அந்த ஏழு வரியை எழுதினேன்? இருபத்தேழு வயது, வாடகை வீடு, பாட வராது, கோபம் வரும், வந்த வேகத்தில் போகவும் செய்யும். ஃபேக்டரியில் எந்தப் பதிவிலும் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது என்பார்கள். இதையே எழுதியிருக்கலாம். இதுதான் என் மகளுடைய சரியான பயோடேட்டா என்று எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தங்கள் வீட்டு அம்மாவிடம் என் சார்பாக மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சம்பந்தம் இனி நடக்காது என்பது எங்களுக்குப் புரிகிறது, வருத்தமில்லை என்று சொன்னால் அது எட்டாவது பொய்யாகிவிடும். மகாலட்சுமியின் ஜாதகத்தை மட்டும் சுப்பண்ணனிடம் திருப்பிக் கொடுத்தனுப்பவும். தம்பியின் ஜாதகத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தம்பிக்கு நல்ல இடத்தில் பெண் அமைந்து, பிள்ளை குட்டிகளோடு நீடூழி வாழ எங்கள் வாழ்த்துகள். பெரியவர்களுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்
வேலுமணி

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மகாலட்சுமி வந்து கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "உறையில இருந்து ஜாதகத்த வெளிய எடுத்து வைங்கப்பா" என்றாள். நேற்றுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று அவள் பேசியது தம்பி தரணிதரனிடமாம். நம்பரைச் சுப்பண்ணனிடம் மிரட்டி வாங்கியிருக்கிறாள். இரண்டு தாளையும் வரி வரியாகப் படித்துக் காட்ட, தம்பி ஒவ்வொரு வரிக்கும் உண்மையைச் சொல்ல, இருவரும் ஒன்றரை மணி நேரம் சிரித்திருக்கிறார்கள். கண் சிவந்தது அதனால்தானாம். இன்று காலை மறுபடியும் முக்கால் மணி நேரம். இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை தம்பியே தங்களிடம் சொல்லப் போகிறார், அதுவரை இரண்டு அப்பாக்களுக்கும் எதுவும் தெரியக் கூடாது என்று பேசி வைத்திருந்தார்களாம். ஆகவே மேலே உள்ளதில் மன்னிப்பைத் தவிர வேறு எதையும் கணக்கில் கொள்ள வேண்டாம். ஜாதகத்தை எடுத்துவிட்டேன். கடிதம் சனிக்கிழமையே வந்து சேர்ந்துவிட்டால், மறுநாள் தம்பி விஷயத்தைச் சொல்லும்போது தயவுசெய்து அப்போதுதான் கேட்பதுபோல ஆச்சரியப்படவும். நானும் அப்போதிலிருந்து நிலைக்கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருக்கிறேன்.