நாமினி இல்லாத பாலிசி

இனிமேல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு பயலும் சீட்டாடக் கூடாது என்று மரிய ஜெரால்டு முடிவு கட்டினான். காரைக்குடியில் ஒரு சிமெண்ட் ஏஜென்சியில் கம்ப்யூட்டர்களுக்கு அவன்தான் பொறுப்பு. சிமெண்டைவிட அங்கே சீட்டுக்கட்டுதான் வேகமாக இறங்கியது. எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று பூட்டிவைக்க ஒரு வழி உண்டு. அதற்குப் பெயர் பாலிசி.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு, பெருமையைக் காட்ட மனைவி பெல்சியையும் கைப்பிள்ளையையும் ஆபீஸுக்கே கூட்டிப்போனான்.

“பாலிசி போடப்போறேன், பாரு.”

“நல்லது. நாமினி யாரு?”

“இது இன்சூரன்ஸ் பாலிசி இல்ல பெல்சி.”

“எந்தப் பாலிசியா இருந்தா என்ன? போட்டவுகளுக்கு ஒண்ணுன்னா எடுத்துப் பாக்க ஒரு ஆள் வேணாமா?”

அவன் சிரித்த சிரிப்பில் தூங்கிய பிள்ளை விழித்துக்கொண்டது. அவள் அதோடு விடவில்லை. ஒக்கூரில் அண்ணன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா, சனிக்கிழமை லீவு போடுங்கள் என்று ஆரம்பித்தாள். நான் ஒரு நாள் இல்லாவிட்டால் ஆபீஸே ஓடாது என்றான் ஜெரால்டு. கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் பூட்டினான். அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனான். பெல்சி டைப்ரைட்டிங் லோயர் பாஸ். எழுத்துக் கட்டைகளைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது.

திங்கட்கிழமை சீட்டு திறக்கவில்லை. ஜெரால்டு மீசையைத் தடவிக்கொண்டான். அப்புறம் பில் போடுவதும் திறக்கவில்லை. கடிதம் அடிப்பதும் திறக்கவில்லை. சரி, பாலிசியைத் தளர்த்துவோம் என்றால் பாலிசி போடும் புரோகிராமே திறக்கவில்லை. ‘அட்மினிஸ்ட்ரேட்டரை அணுகவும்’ என்றது திரை. அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் அவன்தான். ஒரு மனுசன் தன்னைத்தானே எத்தனை தரம் அணுகுவான்?

மத்தியானத்துக்குள் டெண்டர் கடிதம் போகவில்லை என்றால், மறுபடியும் குடோனில் மூட்டை எண்ணப் போகலாம் என்றார் மேனேஜர் ஞானசம்பந்தம். கம்ப்யூட்டர் புத்தகம் வீட்டில் கிடந்தது. ஸ்கூட்டரை விரட்டினான்.

பெல்சி பிள்ளைக்குப் பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன, வெள்ளனமே வந்துட்டீக?”

“தலைவலி.”

“தலைவலிக்குக் கம்ப்யூட்டர் புஸ்தகத்தையா தேடுறீக?”

அவனால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினான். பெல்சி அடுத்த உருண்டையை நிதானமாக உருட்டினாள்.

“நீங்க டீக்குப் போனப்ப, பூட்டுப் போடாத புது ஆளைச் சேர்க்க ஒரு இடம் இருந்துச்சு. என் பேரைச் சேத்துட்டேன். நாமினிக்குப் பூட்டு கெடையாதாம். உள்ள போயி ஒரு ஆட்டம் சீட்டும் ஆடிப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு.”

ஜெரால்டுக்கு உயிர் வந்தது. “பாஸ்வேர்டு?”

“ஒக்கூர். சனிக்கிழமை வெள்ளன பஸ்ஸுன்னு சொல்லிக்கிட்டே அடிங்க.”

ஆபீஸுக்குத் திரும்பி, சொல்லிக்கொண்டேதான் அடித்தான். எல்லாம் திறந்தது. கடிதமும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. திரையில் இருந்த பெயரைப் பார்த்து இது யார் என்று மேனேஜர் கேட்க, வீட்டுக்காரி என்று முனகிவிட்டு, அதே மூச்சில் சனிக்கிழமை லீவும் கேட்டான்.

“நீங்க தாராளமாப் போயிட்டு வாங்க தம்பி,” என்றார் மேனேஜர். “பெல்சி மட்டும் லீவு போடாமப் பாத்துக்கங்க.”