கல்லுமலைப் பஸ்ஸும் கன்னியுரையும்

"பதினாலு பக்கம் எழுதி அனுப்பியிருக்கீங்க. அஞ்சு நிமிசம்தான் தர்றாங்க. நான் பேசுறதா, ஓடுறதா?"

பாராளுமன்றக் கட்டடத்தின் ஏதோவொரு நடைவழியில் நின்றபடி கௌரவ உறுப்பினர் கபிரியேல் தொலைபேசியில் இரைந்தார். கண்டியில், மருந்துக்கடையொன்றின் மாடியிலிருந்த அவருடைய அலுவலகத்தில், இணைப்புச் செயலாளர் தேவராசா எழுந்து நின்று அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டார். உறுப்பினர் பேசும்போது எழுந்து நிற்பது தேவராசாவின் வழக்கம். உறுப்பினர் இதுவரை பேசியதெல்லாம் தொலைபேசியில் மட்டுமே என்பது வேறு விடயம்.

கபிரியேல் தெரிவுசெய்யப்பட்டு ஓராண்டு கழிந்திருந்தது. எந்த விவாதத்திலும் அவர் வாய் திறந்ததில்லை. விவாதங்களில் யார் எத்தனை முறை பேசினார் என்று எண்ணி இணையத்தில் வெளியிடும் இளைஞர் குழுவொன்று, அவரைக் கடைசி இடத்தில் வைத்திருந்தது. அவருக்கு ஒரு படி மேலே இருந்தவர், பதவியேற்ற மாதத்திலேயே காலமானவர்.

மக்கள் தங்களுக்காகப் பேசுவதற்கென்று ஒருவரை அனுப்புகின்றனர். அவர் தமக்காக எழுதுவதற்கென்று இன்னொருவரை அமர்த்திக்கொள்கிறார். இந்த ஏற்பாட்டுக்குப் பிரதிநிதித்துவம் என்று பெயர்.

"இன்னிக்கும் என் பேர் சபைப் பதிவேட்டுல, அந்த ஹன்சாட்ல வரலன்னா, நாளைக்கு ஒங்க கதிரையில வேற ஆள்தான் உக்காரும்" என்று கூறிவிட்டு உறுப்பினர் தொடர்பைத் துண்டித்தார்.

தேவராசாவின் மகள் தர்சிகா பேராதனையில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதிரை போனால் அவள் படிப்பும் அதனோடு ஆட்டங்காணும். ஆகவே, எவராலும் எதிர்க்கவியலாத பொருளொன்றைத் தேடி, அவர் கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தைத் தேர்ந்திருந்தார். புசல்லாவைக்கு அப்பால், கீழ்ச்சந்தியோடு நின்றுவிடும் பஸ்ஸை மேற்பிரிவு வரை விடவேண்டுமென்று அத்தோட்டத்தார் சென்ற ஆண்டு வந்து கேட்டிருந்தனர். அதன்பின் தேவராசா அந்தப் பக்கம் போனதில்லை. எனினும், நாளை உங்களுக்காகச் சபையில் பேசப்படும் என்று முந்திய நாளே தொலைபேசியில் பெருமையோடு அறிவித்திருந்தார்.

அதன் பயனாக, காலையிலேயே ராக்கம்மா என்ற தொழிலாளி, இரண்டு பெண்களோடு வந்து வாங்கில் அமர்ந்திருந்தார். மின்கட்டண முறைப்பாட்டோடு வந்த வேறு சிலரும் அங்கிருந்தனர்.

"ஐயா, அந்தப் பஸ்ஸு விசயமா ஒங்ககிட்ட கொஞ்சம் தனியா..." என்று ராக்கம்மா தொடங்கினார்.

"அதுதானே அம்மா இப்ப நடக்குது. இருங்கோ. மஸீனா, இவைக்குப் பிளேன்டீயும் பணிஸும் குடும்."

தட்டச்சாளர் மஸீனா பணிஸ் தட்டோடு வந்து, "சேர், அந்தம்மா என்னமோ சொல்ல வாறாங்க" என்றாள்.

"அவை சொல்ல வாறதைத்தான் பிள்ளை நான் பதினாலு பக்கத்தில எழுதியிருக்கிறன். முதல் பத்துப் பக்கத்தையும் வெட்டும். கல்லுமலை மட்டும் நிக்கட்டும்."

"அதுலதானே தேசிய போக்குவரத்துக் கொள்கை ஈக்கி?"

"கொள்கையில ஒருத்தரும் ஏறிப் போறேல்லை. வெட்டும்."

வெட்டப்பட்ட உரை வாட்ஸ்அப்பில் சென்றது. சற்று நேரத்தில் உறுப்பினர் மீண்டும் அழைத்தார்.

"கொறடா பாத்துட்டாரு. ஒரு பஸ்ஸுக்கு மூணு நிமிசம் போதுமாம். மிச்சத்த வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு!"

தேவராசா தலையில் கைவைத்தார். ராக்கம்மா வாங்கிலிருந்து எழுந்து, "அப்ப இன்னிக்குப் பேச மாட்டாருங்களா?" என்று கேட்டார்.

"நேரம் குறைஞ்சு போச்சுது, அம்மா."

"பரவாயில்லீங்க ஐயா. பேசாட்டிப் போகுது. எங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க." அவருடைய முகம் தெளிந்திருந்தது. மற்றைய பெண்களும் தலையசைத்தனர்.

கைவிடப்பட்ட நேரத்திலும் பிறரை நோகவிடாத அந்தப் பெருந்தன்மை தேவராசாவின் நெஞ்சைத் தொட்டது. "இல்லை அம்மா! நான் விடமாட்டன். உங்கட பஸ் இண்டைக்குச் சபையில ஏறும்!" என்று முழங்கினார். ராக்கம்மா மீண்டும் வாய் திறப்பதற்குள் அவர் வேறொரு உறுப்பினரின் செயலாளரோடு பேசத் தொடங்கியிருந்தார்.

அவ்வுறுப்பினர் தமது நேரத்தில் இரண்டு நிமிடங்களை விட்டுக்கொடுக்க இசைந்தார். கைம்மாறாக, அவருடைய தொகுதியில் மரக்கறித் தோட்டங்களை அழிக்கும் குரங்குகளைப் பற்றியும் கபிரியேல் பேசவேண்டும். தேவராசா மகிழ்ச்சியோடு குரங்குகளை எழுதினார். குரங்குகள் நான்கு நிமிடங்களை எடுத்துக்கொண்டன.

"இப்ப இதுல குரங்குதான் நிக்குது. பஸ்ஸக் காணோமே!" என்றார் உறுப்பினர்.

"பஸ் கடைசிப் பக்கத்தில, சேர்."

"கடைசிப் பக்கம் வரைக்கும் நான் எங்க போறது?"

இனி ஒரே வழிதான் இருந்தது. உறுப்பினர் ஒரு வாக்கியம் பேசினாலும் போக்குவரத்து அமைச்சர் எழுந்து பதிலளித்துவிட்டால், அது விவாதமாகிவிடும். தேவராசா அமைச்சரின் செயலாளரை அழைத்தார். எந்த வீதி, எந்த டிப்போவின் பஸ், மாலையில் எப்போது கீழ்ச்சந்திக்கு வருகிறது, காலையில் எப்போது புறப்படுகிறது என்று ஒன்றுவிடாமல் கூறினார்.

"இவ்வளவு தெளிவா யாருமே தகவல் தர்றதில்ல, சேர்" என்று செயலாளர் வியந்தார்.

"எல்லாம் மக்களிட்ட இருந்து பெற்றதுதான்" என்றார் தேவராசா அடக்கமாக.

ராக்கம்மா இப்போது மேசைக்கே வந்துவிட்டார். "ஐயா, நான் ஒரே ஒரு வார்த்த சொல்லிப்புடுறேன்..."

"இருங்கோ, இருங்கோ! சேர் எழும்பீட்டார்!"

அலுவலகத்துத் தொலைக்காட்சியில் கபிரியேல் எழுந்து நின்றார். தலைமை தாங்கியவருக்கும், கட்சித் தலைவருக்கும், கண்டி வாக்காளருக்கும், தமது பங்குத்தந்தைக்கும், காலஞ்சென்ற பெற்றோருக்கும் நன்றி கூறினார். அடுத்துக் குரங்குகளுக்கு வந்தார். குரங்குகள் கூட்டமாக வருவதை அவர் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "கௌரவ உறுப்பினர் அவர்களே, உங்கள் நேரம் முடிவடைந்துவிட்டது" என்ற குரல் கேட்டது.

தேவராசா கண்களை மூடிக்கொண்டார். ராக்கம்மா கைகூப்பினார்.

"கல்லுமலை மேற்பிரிவுக்குப் பஸ் விடணும்!" என்று கபிரியேல் கத்தினார். "மிகுதி உரையைச் சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்!"

"ஐயையோ!" என்றார் ராக்கம்மா.

"பயப்படாதேங்கோ அம்மா. இனித்தான் விசயமே இருக்கு" என்றார் தேவராசா.

அமைச்சர் எழுந்தார். கேள்விகளுக்கு மறுநாளோ மறுமாதமோ பதிலளிப்பதே மரபாக இருந்த சபையில், அவர் கையில் தாளோடு எழுந்ததைக் கண்டு அவருடைய கட்சியினரே திரும்பிப் பார்த்தனர். மொழிபெயர்ப்பாளரின் குரல் தெளிவாக ஒலித்தது: "இவ்விடயம் சற்றுமுன்னர் எனது கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. நாளை அதிகாலையே பரிசோதகர்கள் அவ்வீதிக்கு அனுப்பப்படுவர். அந்தப் பஸ் எங்கே நிறுத்தப்படுகிறது, எங்கிருந்து ஆட்களை ஏற்றுகிறது என்பதை நேரில் பார்த்து அவர்கள் எனக்கு அறிக்கை தருவர்."

மஸீனா கைதட்டினாள். மின்கட்டணத்துக்கு வந்தவர்களும் கைதட்டினர். தொலைபேசி அலறியது.

"தேவராசா! ஹன்சாட்ல ஏறிட்டோம்! இனி அந்தப் பயலுங்க என்னக் கடைசியில போடட்டும் பாப்போம். ஒங்க கதிரை ஒங்களுக்குத்தான்!"

தேவராசா கண்களைத் துடைத்துக்கொண்டு, காலையிலிருந்து முதன்முறையாகத் தமது கதிரையில் நன்றாகச் சாய்ந்து அமர்ந்தார். எதிரே மூன்று பெண்களும் அசையாமல் நின்றனர். மகிழ்ச்சியில் பேச்சு வரவில்லை போலும் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

"இனிச் சொல்லுங்கோ, அம்மா" என்றார் கனிவோடு. "இப்ப உங்கட நேரம். என்னவோ சொல்ல வேணுமெண்டு நிண்டனீங்கள்."

ராக்கம்மா மெல்லச் சொன்னார்: "பொங்கலுக்குப் பொறவு பஸ்ஸு மேல வரைக்கும் வந்துக்கிட்டுத்தாங்க ஐயா இருக்கு, டிரைவர் தம்பி எங்க ஊருல பொண்ணு கட்டுனவரு, டிப்போவுக்குத் தெரியாம ஓட்டியாந்து ராத்திரி அங்கேயே போட்டுக்கிறாரு, அத எங்கயும் பேசிப்புடாதீங்கன்னு ஒங்க காலுல விழுந்து கேக்கத்தான் இன்னிக்கு அதே பஸ்ஸுல வந்தோம்."