சாவிக்கு அடங்காத டர்போ

சாவி வேம்புலியின் கையில் இருந்தது. இஞ்சின் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை.

கரையான்சாவடி கல்யாண மண்டபத்தின் பக்கச் சுவரில் மூக்கு முட்டுகிற மாதிரி, ரோஜா மாலை போட்டு நிறுத்தியிருந்தான் காரை. அதுவும் எப்படிப்பட்ட கார்! முத்தாபுதுப்பேட்டைக்கே முதல் டர்போ டீசல். சற்று முன்தான் தாலி ஏறிய தங்கையையும் மாப்பிள்ளையையும் இதில்தான் அழைத்துப் போவேன் என்று ஒரு மாதமாகத் தம்பட்டம் அடித்தவன். "உங்க பழைய அம்பாசிடர்ல பாத்திர பண்டம் ஏத்திக்குங்க மாமா" என்று சம்பந்தி சண்முகசுந்தரத்திடமே பீற்றியிருந்தான். இப்போது அவர் எதிரிலேயே மானம் கப்பலேறுகிறது.

"இன்னாய்யா, டர்போ சூடு ஆறணும்னு இவ்ளோ நேரம் ஓடவுட்ட. இப்போ சாவிய எடுத்தும் ஓடுது?" என்றாள் மனைவி தாயம்மா.

ஆவடி மெக்கானிக் நிஜாமுதீன், வண்டி வாங்கிய அன்றே வேம்புலியிடம் சொல்லியிருந்தார்: "வெளிய போற புகை ஒரு சக்கரத்தச் சுத்த வைக்கும். அது இஞ்சினுக்குள்ள காத்த அமுக்கும். அதான் டர்போ. அதுல ஆயில் கசியாம காக்குற சீல் போச்சுன்னு வச்சிக்க, வண்டி தன் ஆயிலையே குடிச்சிகினு ஓடும். சாவிக்கு அடங்காது. ஓடி ஓடி வெடிச்சிரும்!"

"எல்லாரும் தள்ளிப் போங்க! வெடிக்கப் போவுது!"

கூட்டம் தள்ளிப் போகவில்லை. வேடிக்கை பார்க்க இன்னும் நெருங்கி வந்தது.

பேட்டரி வயரைப் பிடுங்கினான். சத்தம் நிற்கவில்லை. பானெட்டில் கை வைத்துப் பார்த்தான், கொதித்தது. டீசல் குழாயை உருவி எறிந்தான். டீசல் தரையெல்லாம் ஓடியது. வண்டிக்கு முன்னால் கரும்புகைதான் குபுகுபுவென்று கிளம்பியது.

"பாத்தீங்களா! டீசலே இல்லாம ஓடுது! ஆயிலத்தான் குடிக்குது!" என்று கத்தினான். நோயைக் கண்டுபிடித்துவிட்டதில் அந்த நேரத்திலும் அவனுக்கு ஒரு பெருமை.

"இப்போ இன்னா பண்றது?" என்று அலறினார் சண்முகசுந்தரம்.

"காத்த அடைக்கணும்!"

சமையல்காரரின் கத்தியைப் பிடுங்கி, காற்று போகும் ரப்பர் குழாயை ஒரே வெட்டாக வெட்டினான். அடைக்க என்ன கிடைக்கும் என்று சுற்றிப் பார்த்தான். சம்பந்தியின் தோளில் கிடந்த புத்தம்புது பட்டுத் துண்டு கண்ணில் பட்டது. உருவினான், திணித்தான், இரண்டு கையாலும் அழுத்தினான்.

சத்தம் நின்றது! மண்டபத்து ஒலிபெருக்கியில் ஓடிய பாட்டுகூட நின்றது.

பிறகு விசில் பறந்தது. மாப்பிள்ளை ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டான். "மச்சான், எங்க உசிரக் காப்பாத்திட்ட!"

சண்முகசுந்தரத்துக்குத் துண்டு போன கவலையே இல்லை, கண் கலங்கிவிட்டது. "சொந்த வண்டியையே பலி குடுத்துட்டியேப்பா. நீ மனுசன்!" அம்பாசிடரிலிருந்து அண்டா குண்டானை இறக்கி, மணமக்களை ஏற்றினார்கள். காரில் கிடந்த ரோஜா மாலை வேம்புலியின் கழுத்துக்கு வந்தது. வண்டி போனால் போகிறது, இந்த மரியாதை லேசில் கிடைக்குமா என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்போது காலி கேனும் கையுமாகச் சுவரேறிக் குதித்தார் மண்டபத்து ஜெனரேட்டர்காரர் துலுக்கானம்.

"அண்ணாத்தே, உன் வண்டில ரெண்டு லிட்டர் டீசல் கீதா? கரண்ட்டு போனதுலேர்ந்து சுவத்துக்கு அந்தாண்ட ஓடிகினு இருந்த நம்ம ஜெனரேட்டரு, டீசல் தீந்து இப்பதான் நின்னுபோச்சு!"